தம்பியின் டிரெய்லருக்கு மஞ்சள்

நீலம் வேண்டும் என்று கேட்டால், எந்த நீலம் என்று திருப்பிக் கேட்காத கடையில் பெயின்ட் வாங்கக் கூடாது. இது என் கட்சி. மாத்தளை டவுனில் இந்தக் கட்சியோடு நான் ஏறி இறங்கிய கடைகளில், பாதிப் பேருக்கு இப்போது என்னைத் தூரத்தில் கண்டாலே அவசரமாக உள்ளே ஏதாவது வேலை வந்துவிடுகிறது. வரட்டும். நான் கேட்டது ஊரில் இல்லாத நீலமில்லை. எங்கள் வளவுக்குள் கிடந்த ஒரு கை டிரக்டரின் நீலம்.

வாப்பா வாங்கிய டிரக்டர் அது. இரண்டே சக்கரம், நீளமாக இரண்டு கைபிடி, பின்னால் கொழுவிக்கொள்ள ஒரு டிரெய்லர். நாவுலயில் ஒரே வளவுக்குள் எனக்கு ஒரு வீடு, தம்பிக்கு ஒரு வீடு. இரண்டுக்கும் நடுவில் பலா மரத்தடியில், கோழிகள் முட்டையிடும் இடமாக அது பல வருடம் நின்றது. தம்பியிடம் இதே மாதிரி ஒரு புது மெசின் இருந்தது. நாட்டில் எல்லாம் தலைகீழான அந்த நெருக்கடி நேரத்தில் அதை விற்றுவிட்டான். பிறகு நிலைமை கொஞ்சம் தெளிந்ததும் இன்னொன்று வாங்கலாமென்று விலை கேட்கப் போனவன், கேட்ட கடையிலேயே தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"வாப்பாட பழசு இரிக்கி தானே" என்றேன் நான். எஞ்சினைத் தெரிந்த ஒரு மெக்கானிக் பாஸ் கழற்றிப் பூட்டி ஓட வைத்துத் தந்தார். துருவைச் சுரண்டி, தகரம் ஒட்டி, பெயின்ட் அடிக்கிற வேலை என் பொறுப்பு. நான் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறவன். நிறத்தைப் பார்த்தே சரக்கைச் சொல்லிவிடுவேன் என்ற திமிர் எனக்கு எப்போதும் உண்டு.

இங்கே தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். புது மெசினை விற்ற பிறகு அவனுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. கையெடுத்து துஆ கேட்டுக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் கிடந்தோம். உயிர் திரும்பியது, அல்லாஹ்வுக்கே புகழ். காது திரும்பவில்லை. இரண்டு காதும் சுத்தமாக அடைபட்டுவிட்டன. அவன் பேசுவான். நாம் சொல்வதை மட்டும் நம் உதட்டையும் கையையும் பார்த்துப் பிடித்துக்கொள்வான். அவன் மனைவியும் அவனும் தங்களுக்குள் ஒரு விரல் பாஷையே உண்டாக்கி வைத்திருக்கிறார்கள். என்னைப் பற்றி ஏதாவது பேசிச் சிரிப்பதும் அதில்தான்.

அவன் தோட்டம் தம்புள்ளைப் பக்கம், பெரிய ரோட்டை ஒட்டி இருக்கிறது. கத்தரி, பயற்றை, கறிமிளகாய். வெயில் தாழ்ந்து தண்ணீர் கட்டிவிட்டுப் புறப்பட்டால், வீடு வருவதற்குள் இருட்டிக்கொண்டு வந்துவிடும். அந்த ரோட்டில் அந்த நேரத்தில் மரக்கறி லொறிகள் பறக்கும். வேறு யாராக இருந்தாலும் பின்னால் ஹோர்ன் சத்தம் கேட்டால் ஓரம் ஒதுங்குவான். காது போன பிறகு தம்பி ரோட்டில் டிரக்டர் ஓட்டப் போவது இதுதான் முதல் தடவை.

கண்ணாடி பூட்டிப் பார்த்தோம். எஞ்சின் நடுங்குகிற நடுக்கத்தில் அதற்குள் ஆடுகிற பச்சையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பின்னால் ஒரு லைட் பூட்டினோம். தோட்டத்துப் பாதையின் குலுக்கலில் அது சொல்லாமல் கொள்ளாமல் கழன்று போனது. சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டினால் சேறு மூடிவிடுகிறது. தம்பி மனைவி இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நானும் நீலத்தைத் தேடுவதிலேயே மும்முரமாக இருந்தேன்.

வெளியே இருந்த பெயின்ட் எல்லாம் வெயிலில் வெளுத்து, இன்ன நிறமென்று சொல்ல முடியாமல் இருந்தது. டீசல் டாங்கியைக் கட்டியிருந்த இரும்புப் பட்டியைக் கழற்றியபோது, அதற்குக் கீழே ஒரு விரலகலத்துக்குப் பழைய நீலம் அப்படியே இருந்தது. வெயில் படாத, மழை படாத நீலம். யா அல்லாஹ், என்ன நிறம் அது! அந்தப் பட்டியின் உட்பக்கத்திலும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. பட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு மாத்தளை பஸ் ஏறினேன்.

முதல் கடையில் கம்ப்யூட்டரில் வைத்துக் கலந்து தந்தார்கள். கடைக்குள் டியூப் லைட்டில் பார்க்க அச்சு அசலாக இருந்தது. வெளியே வெயிலுக்குக் கொண்டுவந்தேன், ஊதாவாகப் பல்லிளித்தது. அடுத்த கடையில் அட்டையைக் காட்டி, இதில் ஒன்றைத் தொடு என்றார்கள். நான் பட்டியைக் காட்டினேன். "பழைய இரும்புக்கு எந்த நீலம் அடிச்சா என்ன" என்றான் கவுண்டரில் நின்றவன். அவனோடு நான் பேசியதை இங்கே எழுத மாட்டேன்.

ஒரு சந்துக்குள்தான் அந்தச் சின்னக் கடையைக் கண்டேன். கடைக்காரர் இரத்தோட்டைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். கல்லாவுக்கு மேல் மாதா படம், அதற்கு ஒரு சின்ன பல்பு. பட்டியைக் கையில் வாங்கியதும், எங்கள் வழக்கப்படி அண்ணனுக்குச் சொல்லும் 'நானா'வைச் சொல்லிச் சிரித்தார்.

"என்ன நானா, நீலமா? எலெக்‌ஷன் ஏதும் வருதா?"

"எலெக்‌ஷனும் இல்ல, ஒண்ணும் இல்ல. இது வாப்பாட டிரக்டர்ட நீலம்."

"சொல்ல முடியாதுங்க. பச்சைன்னா ஒரு கட்சி, நீலம்னா ஒரு கட்சி, சிவப்புன்னா ஒரு கட்சி. இந்த நாட்டுல பெயின்ட் கட வச்சிருக்கிறவன் பாடு இருக்கே! போன தடவ ஒருத்தர் வீட்டுக் கேட்டுக்குப் பச்ச வாங்கிட்டுப் போயி, பக்கத்து வீட்டுக்காரன் பேச்சையே விட்டுட்டானாம். என்கிட்ட வந்து சண்ட போடுறாரு."

அப்புறம்தான் அவர் கேட்டார், அந்தக் கேள்வியை. "எந்த நீலம் வேணும் நானா? இன்னைக்கு இருக்கிற நீலமா, வாங்கின அன்னைக்கு இருந்த நீலமா?" எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போல இருந்தது.

பட்டியை ரோட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தார். விரலை நனைத்து அதன் மேல் தேய்த்துப் பார்த்தார். ஒரு பழைய டின் மூடியில் நீலத்தை ஊற்றி, கறுப்பு ஒரு சொட்டு, பச்சை அரைச் சொட்டு என்று குச்சியால் கலந்துகொண்டே இருந்தார். கலந்ததைப் பட்டியின் மேலேயே தடவினார். எனக்குத் திக்கென்றது.

"அண்ணே, வெளிறி இரிக்கே!"

"ஈரத்துல ஒண்ணா இருந்துச்சுன்னா காஞ்ச பொறகு கருத்துரும். ஈரத்துல கொஞ்சம் வெளிறித்தான் இருக்கணும். குந்துங்க நானா, பிளேன்டீ ஒண்ணு குடிங்க. காயட்டும்."

காய்ந்த பிறகு பார்த்தேன். பழசு எங்கே முடிகிறது, புதுசு எங்கே தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த மனிதருக்கு என்னால் கிடைத்த வியாபாரம் கொஞ்சம்தான். அதற்காக அரை நாளை வெயிலில் நின்று செலவழித்தார். அவரை நினைக்கும்போதெல்லாம் மனசார ஒரு துஆ செய்கிறேன், இன்றைக்கும்.

கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, சேண்ட் பேப்பர் பிடித்து, துருத்தடுப்புக்காக அடியில் பூசும் செம்மண் நிறப் பெயின்டை அடித்து, அதன் மேல் நீலம். டிரக்டருக்கு நீலம், டிரெய்லருக்கும் அதே நீலம். முடித்துவிட்டு நான் தள்ளி நின்று பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். "நானா, இது ஷோரூம்ல எடுத்ததா?" என்று ஒருவர் கேட்டார். எனக்குத் தலை பலா மரத்துக்கு மேல் போய்விட்டது.

அன்றைக்கு அந்திக்கு மஃரிப் தொழுதுவிட்டு வந்தபோது, தம்பி மனைவி கேட்டடியில் நின்றாள். டிரக்டரை வெளியே ரோட்டோரம் எடுத்து, எஞ்சினை ஓடவிட்டு, தம்பியை அதன் மேல் உட்கார வைத்திருந்தாள்.

"நானா, நல்ல அழகா இரிக்கி. இல்லேன்னு சொல்லல்ல. ஒருக்கா அந்த மதகுகிட்ட போய் நின்னு திரும்பிப் பாருங்க."

"எதுக்கு?"

"போய்ப் பாருங்களேன்."

மதகு வரைக்கும் நடந்து போய்த் திரும்பினேன். மேற்கே வானத்தில் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. ரோட்டில் இல்லை. மரங்களின் இருட்டு இருபக்கமும் ரோட்டுக்கு இறங்கியிருந்தது. டிரக்டரைக் காணவில்லை, டிரெய்லரைக் காணவில்லை. டக் டக் டக் என்று எஞ்சின் சத்தம் மட்டும் வருகிறது. அந்தச் சத்தத்தின் மேல் என் தம்பி உட்கார்ந்திருக்கிறான் என்று எனக்குத் தெரியும். கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தும் அவனைக் காணவில்லை.

ஆனால் வாய் வேறு குணம் கொண்டது. திரும்பி வந்து அவளோடு பாய்ந்தேன்.

"என்ன புள்ள இது? மாசக் கணக்கா அலைஞ்சு கொண்டாந்த நீலம். இப்ப வந்து மதகுகிட்ட போ, மலையடிக்குப் போங்கிறீங்க!"

அவள் கத்தவில்லை. "நீலத்துக்கு என்ன நானா, நீலம் எங்கயும் போகாது. பின்னால வாற லொறி இவருக்குத் தெரியாது. லொறிக்காரனுக்காவது இவரத் தெரியணும் தானே."

தோற்றுப்போனால் நான் செய்வதைச் செய்தேன். போய்ச் சாய்மனைக் கதிரையில் விழுந்து, சோறு வேண்டாம் என்றேன். என் மனைவி அதை நம்பவில்லை, கொண்டுவந்து வைத்தாள். சாப்பிட்டேன். சாப்பிடும்போதும் அந்த எஞ்சின் சத்தம் காதுக்குள் நின்றது.

விடிந்ததும் முதல் பஸ்ஸில் மாத்தளை. கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ராக்கைகளுக்குக் கீழே குனிந்து, யாரோ பாதி வாங்கி மீதம் விட்ட டின்களை எல்லாம் எடுத்து ஒரு உரப்பையில் போட்டார். "வெள்ள, செவப்பு, ஆரஞ்சு, மஞ்சளே மூணு விதம் இருக்கு. கடையில நின்னு பாத்து எடுக்காதீங்க நானா. நீங்க பாக்கப் போற நேரத்துல, பாக்கப் போற எடத்துல வச்சுப் பாருங்க. மிஞ்சினதத் திருப்பித் தந்தாப் போதும்."

பிஸ்கட் டின் மூடிகளில் ஒவ்வொரு நிறத்தையும் அடித்து, தம்பி மனைவி வேலிக் கம்பியில் வரிசையாகக் கட்டிவிட்டாள். பொழுது சாயும் நேரத்தில் நாங்கள் மூவரும் மதகடியில் போய் நின்றோம். பகலெல்லாம் கண்ணைக் குத்திக்கொண்டிருந்த சிவப்புத்தான் முதலில் கறுத்துச் செத்தது. நான் சத்தியம் பண்ணியிருப்பேன், சிவப்புத்தான் தெரியுமென்று. ஆரஞ்சு மெல்ல மெல்ல மண்ணாகியது. வெள்ளை நன்றாகத்தான் தெரிந்தது, ஆனால் தூரத்தில் அது சுவரா, மாடா, காய்கிற துணியா என்று சொல்ல முடியவில்லை. எல்லாம் மங்கிய பிறகும் ஒரு மஞ்சள் மட்டும், எலுமிச்சைக்கும் முட்டைக் கருவுக்கும் நடுவிலான ஒரு மஞ்சள், அங்கேயே நின்றது.

"அதுதான்" என்றான் தம்பி. அவள் என்னைப் பார்த்தாள். நான் வேலியைப் பார்த்தேன்.

"டிரெய்லருக்கு மட்டும்" என்றேன். "டிரக்டர்ட நீலத்துல ஒருத்தரும் கை வைக்கப்படாது."

"வைக்கல்ல நானா, வைக்கல்ல."

இதோடு முடிந்திருந்தால் நல்லது. ஆனால் நான் நானாகத்தானே இருக்க வேண்டும். டிரெய்லரின் நீலத்தைச் சுரண்டி எடுத்து, மறுபடி துருத்தடுப்பு அடித்து, காய்ந்ததும் நேரே அதன் மேல் மஞ்சளைப் பூசினேன். செம்மண் நிறம் கீழேயிருந்து எட்டிப் பார்த்தது. இன்னொரு தடவை பூசினேன். இன்னும் மோசம். தம்பி மனைவி தேத்தண்ணீர் கொண்டுவந்தவள் டிரெய்லரைச் சுற்றி வந்தாள்.

"இது என்ன நானா, நேத்துப் பருப்புக் கறியா?"

தம்பிக்கு அதை விரலில் வேறு சொன்னாள். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். காய்ச்சலுக்குப் பிறகு அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அந்தச் சிரிப்புக்காக இன்னும் எத்தனை டின் பருப்புக் கறியும் பூசலாம் என்று இருந்தது எனக்கு. கடைக்காரருக்கு போன் எடுத்தேன். "மஞ்சள் மெல்லிசான நெறம் நானா, அடியில கெடக்கிறது தெரியும். கீழ ஒரு கை வெள்ள போடுங்க, அதுக்கு மேல மஞ்ச போடுங்க" என்றார். முன்பே சொல்லியிருக்கலாமே என்று எரிந்து விழுந்தேன். "நீங்க கேக்கலியே" என்றார். நியாயம்தான்.

வெள்ளையடித்து, மஞ்சளடித்து முடித்ததும் டிரெய்லர் எரிந்தது. நீலத் தலையும் மஞ்சள் உடம்புமாக என் கண்ணுக்கு அது கொஞ்சம்கூட ஒட்டவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் "ஸ்கூல் வேன், ஸ்கூல் வேன்" என்று கத்தினார்கள். தம்பிக்குக் கேட்காததால் கை காட்டிவிட்டுப் போனான். அவள் மட்டும் ஒவ்வொரு காலையும் ஈரத் துணியால் பின்பலகையைத் துடைத்துவிட்டுத்தான் அவனை அனுப்புவாள்.

பிறகு ஒரு நாள். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அவள் வழக்கம் போல் கேட்டடியில் நின்றாள். நான் மிளகுச் சாக்கைத் தைத்துக்கொண்டிருந்தேன். தம்பியின் டிரக்டர் திரும்பி உள்ளே வந்தது. அதன் பின்னாலேயே ஒரு மரக்கறி லொறி, இரண்டு பக்கச் சிக்னலும் மின்னிக்கொண்டு வந்து, கேட்டுக்கு முன்னால் நின்றது.

தம்பி இறங்கினான். "யாரு நானா இவன்? லைட்டப் போட்டுக்கிட்டு வாற வழி பூரா பின்னாலேயே வாறான். முந்திப் போன்னு கை காட்டினா போறானில்ல."

லொறியிலிருந்து ஒரு சிங்களப் பையன் இறங்கினான். கல்யாணமாகி ஒரு பிள்ளை இருக்கலாம், அந்த வயது. இறங்கியவன் கேட்டைப் பிடித்துக்கொண்டான். சிங்களத்தில் மெதுவாகக் கேட்டான்: "நானா, அவருக்குக் காது கேக்காதா?"

"கேக்காது. ஏன் மகன்?"

அவன் அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். தண்ணீர் கொடுத்தோம்.

"கண் அசந்துட்டேன் நானா. நேத்திலேருந்து தூக்கமில்ல. கண்ணைத் தெறந்தா முன்னால மஞ்சள். வேற ஒண்ணும் தெரியல்ல, மஞ்சள் மட்டும்தான். பிரேக்க மிதிச்சேன். டயர் கத்தின கத்தலுக்குக் கடைகள்ல இருந்தவங்க எல்லாம் ரோட்டுக்கு வந்துட்டாங்க. இவரு மட்டும் திரும்பியே பாக்கல்ல. அவரு பாட்டுக்குப் போறாரு. நான் பயந்துட்டேன். இது மனுசன்தானா, இல்ல வேற ஏதாவதான்னு. பாக்கத்தான் பின்னால வந்தேன்."

என் கையில் கோணி ஊசி இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன்.

தம்பி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தான். "என்ன? என்ன நடந்த?"

அவள் விரல்களால் சொன்னாள். பாதியில் விரல் ஓடவில்லை. நிறுத்தி, மூச்சு விட்டு, மறுபடி சொன்னாள். தம்பி டிரெய்லரைத் திரும்பிப் பார்த்தான். அதில் ஒரு கீறல்கூட இல்லை. அந்தப் பையனிடம் வந்து, "எவ்வளவு கிட்ட?" என்று கேட்டான்.

பையன் இரண்டு உள்ளங்கையையும் எதிரெதிராகப் பிடித்துக் காட்டினான். யோசித்தான். இன்னும் கிட்டக் கொண்டுவந்தான். தம்பி தன் கையை நீட்டி அந்த இடைவெளிக்குள் விட்டுப் பார்த்தான். ஒரு கை போனது. இரண்டாவது கைக்கு இடமில்லை. தம்பி கொஞ்ச நேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

பையனுக்குச் சோறு போட்டோம். பருப்பும் கருவாடும்தான் இருந்தது, சாப்பிட்டான். சாப்பிட்டு எழுந்து லொறிக்குப் போனவன் சாவியைக் காணாமல் சட்டைப் பையைத் தடவினான். ஆசனத்தில் தேடினான். சாவி தம்பி மனைவியின் முக்காட்டு நுனியில் முடிச்சாக இருந்தது. எப்போது எடுத்தாள் என்று எனக்குத் தெரியாது. விறாந்தையில் பாயும் தலையணையும் ஏற்கனவே போட்டிருந்தது.

"அக்கா, மரக்கறி வாடிரும்" என்று அவன் கெஞ்சினான்.

அவள் பாயைக் காட்டினாள். அவள் சிங்களம் என்னுடையதைவிட நல்ல சிங்களம்.

"வாடினா வாடட்டும். தூங்கி எழும்பி, விடிஞ்ச பொறகு போங்க. ஒங்களுக்கும் வாசல்ல ஒருத்தி நிப்பா தானே."